ஒரிஜினலா, மறுபதிப்பா, பூட்லெக்கா: சோல் இரவுக்கு எந்த விதி?

இங்கிலாந்தின் வடக்கே ஒரு சோல் இரவை, அதாவது 1960களின் அமெரிக்கக் கறுப்பின சோல் இசைத்தட்டுகளுக்கு ஆடும் நிகழ்ச்சியைத் தொடங்குகிறவர்கள் அரங்கு வாடகை, ஒலிபெருக்கி, ஆடத் தோதான மரத்தளம் எல்லாவற்றையும் சுமுகமாகப் பேசி முடித்துவிடுவார்கள். துண்டறிக்கை அடிக்கும் நேரத்தில்தான் சண்டை வரும். ‘ஒரிஜினல் வினைல் மட்டும்’ என்று அதில் போடுவதா, வேண்டாமா? போட்டால் ஒரு கூட்டம் வரும், இன்னொரு கூட்டம் முகம் திருப்பிக்கொள்ளும். போடாவிட்டால், ‘அங்கே எதை வேண்டுமானாலும் சுழற்றுவார்கள்’ என்ற பேச்சு பரவிவிடும்.

வழிகள் நான்கு. 1960களில் முதன்முதலாக அச்சான தட்டுகளை மட்டும் போடுவது ஒன்று. அவற்றோடு, உரிமம் பெற்று வெளியான மறுபதிப்புகளையும் சேர்த்துக்கொள்வது இரண்டு. பூட்லெக் என்கிற திருட்டுத் தட்டுகளையும் கண்டும் காணாமல் விடுவது மூன்று. தட்டே வேண்டாம், மடிக்கணினியில் கோப்பு இருந்தால் போதும் என்பது நான்கு. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இரண்டாவது வழிதான் பொருந்தும். முதலாவதன்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அதைக் காப்பாற்ற முடியாதவர்கள் அந்த வாசகத்தைத் துண்டறிக்கையில் போடக் கூடாது. மூன்றாவதை என்னால் ஏற்க முடியாது. ஏன் என்று சொல்ல, இந்த இசை எப்படி இங்கே வந்து சேர்ந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

தோற்றுப்போன தட்டுகளின் இரண்டாவது வாழ்க்கை

நார்தர்ன் சோல் என்பது வடக்கு இங்கிலாந்தில் பாடப்பட்ட இசை இல்லை. அங்கே ஆடப்பட்ட இசை. பாடியவர்கள் டெட்ராய்ட், சிகாகோ, ஃபிலடெல்ஃபியா, லாஸ் ஏஞ்சலஸ் நகரங்களின் கறுப்பினக் கலைஞர்கள். 1960களின் நடுவில் மோடவுன் நிறுவனம் கண்ட வெற்றியைப் பார்த்து, லேபிள்கள் எனப்படும் சின்ன இசைத்தட்டு நிறுவனங்கள் நூற்றுக்கணக்கில் அதே துள்ளலில், நிமிடத்துக்கு 45 சுழற்சி ஓடும் தட்டுகளை அச்சடித்தன. பெரும்பாலானவை விற்கவில்லை. உள்ளூர் வானொலியில் சில நாள் ஒலித்துவிட்டுக் கிடங்குக்குப் போயின. பாடியவர்களில் பலர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள்.

அந்தத் தட்டுகளுக்கு மான்செஸ்டரின் ட்விஸ்டெட் வீல் கிளப்பில் இரண்டாவது வாழ்க்கை கிடைத்தது. லண்டனில் சோல் சிட்டி என்ற தட்டுக்கடையை நடத்திய டேவ் காடின், கால்பந்து பார்க்க வடக்கிலிருந்து வரும் இளைஞர்கள் புதிய ஃபங்க் தட்டுகளைத் தொடாமல் பழைய துள்ளல் பாட்டுகளையே கேட்டு வாங்குவதைக் கவனித்தார். கடைப் பையன்களுக்குப் புரிவதற்காக அவர் வைத்த பெயர்தான் நார்தர்ன் சோல். 1970இல் தன் பத்திரிகைப் பத்தியிலும் அதை எழுதினார். 1971இல் வீல் மூடியது. டன்ஸ்டாலின் கோல்டன் டார்ச் கிளப் 1973 வரை ஓடியது. அதே ஆண்டு செப்டம்பர் 23ஆம் தேதி விகன் கேசினோ திறந்தது. சனி இரவு தாண்டித் தொடங்கி ஞாயிறு காலை எட்டு மணி வரை, மது இல்லாமல், தரையில் டால்கம் பவுடரைத் தூவிக்கொண்டு சுழன்று ஆடினார்கள். 1981 டிசம்பர் 6 வரை அது நடந்தது. பிளாக்பூல் மெக்கா என்ற நடன அரங்கின் ஹைலேண்ட் ரூமுக்கு வேறு ரசனை, வேறு கூட்டம்.

இங்கே ஒரு விசித்திரமான பொருளாதாரம் உருவானது. கூட்டம் கேட்டதோ புதிய பாட்டு. ஆனால் அந்தப் ‘புதிய’ பாட்டு 1965இலோ 1967இலோ பதிவானதாக இருக்க வேண்டும். அப்படிப்பட்டவை இனி உற்பத்தியாகப் போவதில்லை. அமெரிக்கக் கிடங்குகளில் தேடித்தான் எடுக்க வேண்டும். தேடிப் போனவர்கள் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்தார்கள். யாரிடமும் இல்லாத ஒரே தட்டு ஒரு டிஜேயிடம் இருந்தால், அதைக் கேட்க மக்கள் நூறு மைல் தாண்டியும் வந்தார்கள். அந்தத் தனிமையைக் காப்பாற்ற டிஜேக்கள் தட்டின் நடுவில் உள்ள பெயர்ச் சீட்டான லேபிளின்மேல் வெள்ளைக் காகிதத்தை ஒட்டி, பாடகருக்கும் பாட்டுக்கும் பொய்ப் பெயர் சூட்டினார்கள். இந்த வித்தை ஜமைக்காவில் இன்னும் பழையது. 1950களில் கிங்ஸ்டனில் ஒலிபெருக்கி வைத்து ஆட்ட நிகழ்ச்சி நடத்திய காக்ஸன் டாட், ஓர் அமெரிக்க சாக்ஸபோன் தட்டின் லேபிளைச் சுரண்டிவிட்டு, ‘காக்ஸன் ஹாப்’ என்று தன் பெயரையே அதற்கு வைத்திருந்தார். போட்டியாளர் டியூக் ரீட் அது எந்தத் தட்டு என்று கண்டுபிடிக்கும் வரை அந்தப் பாட்டு காக்ஸனின் கோட்டையாக இருந்தது.

பூட்லெக் வந்தது இந்தப் பசியிலிருந்துதான். ஆடியவனுக்கு அந்தப் பாட்டு வீட்டிலும் வேண்டும். ஒரிஜினல் கிடைக்காது, கிடைத்தாலும் விலை கட்டாது. அந்த இடைவெளியில், ஒரு ஒரிஜினலிலிருந்து ஒலியை எடுத்து, புதிதாகச் சில நூறு தட்டுகள் அச்சடித்து விற்பவர்கள் நுழைந்தார்கள். பாடியவருக்கும் எழுதியவருக்கும் பதிவுசெய்த நிறுவனத்துக்கும் ஒரு பைசா போகவில்லை.

ஃபிராங்க் வில்சனும் எடி ஃபாஸ்டரும்

இந்த விவாதம் முழுவதும் ஒரே தட்டுக்குள் அடங்கிவிடும். ஃபிராங்க் வில்சன் மோடவுனின் பாடலாசிரியர், தயாரிப்பாளர். 1965இல் அவரே பாடிய ‘டூ ஐ லவ் யூ’ என்ற பாட்டு மோடவுனின் சோல் என்ற துணை லேபிளுக்காக அச்சானது. முன்னோட்டப் பிரதிகள் வந்த பிறகு வெளியீடு கைவிடப்பட்டு, அவை ஏறக்குறைய எல்லாமே அழிக்கப்பட்டன. வில்சன் பாடுவதை விட்டுத் தயாரிப்பிலேயே தொடர்ந்தார்.

பத்தாண்டுக்கு மேல் கழித்து, மோடவுன் காப்பகத்திலிருந்து வெளியே வந்த ஒரு பிரதி, சைமன் சூசான் என்ற சேகரிப்பாளரின் கைக்குப் போனது. அதிலிருந்து எடுத்த நகல் விகன் கேசினோவை எட்டியபோது, பாடியவர் பெயர் எடி ஃபாஸ்டர் என்று சொல்லப்பட்டது. கூட்டம் எடி ஃபாஸ்டருக்காகவே ஆடியது. அந்தப் பெயரிலேயே திருட்டுத் தட்டுகளும் விற்றன. கொடுமை என்னவென்றால், எடி ஃபாஸ்டர் கற்பனைப் பெயர்கூட இல்லை. கலிஃபோர்னியாவில் தட்டு வெளியிட்ட ஒரு நிஜப் பாடகர் அவர். ஒருவர் பாட்டு பறிபோனது, இன்னொருவர் பெயர் பறிபோனது.

1979இல் மோடவுனின் பிரிட்டிஷ் லேபிளான டாம்லா மோடவுன் அதே பாட்டை வில்சன் பெயரிலேயே முறைப்படி வெளியிட்டது. அன்று முதல், அந்தப் பாட்டுக்கு ஆட விரும்பும் யாருக்கும் நேர்மையான ஒரு பிரதி வாங்கும் வழி திறந்தது. ஒரிஜினல் பிரதியின் விலை மட்டும் வேறு உலகத்துக்குப் போனது: 2009இல் ஒரு பிரதி ஏலத்தில் 25,742 பவுண்டுக்குப் போனது, 2020இல் ஒரு லட்சம் பவுண்டுக்குக் கைமாறியது. வில்சன் 2012இல் காலமானார்.

‘ஒரிஜினல் மட்டும்’ என்ற விதியை எழுத்துப்படி எடுத்தால், இந்த இசையின் மிகப் பிரியமான பாட்டை உலகில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தான் போட முடியும். விதியே வேண்டாம் என்றால், எடி ஃபாஸ்டர் பெயர் போட்ட தட்டுக்கும் வில்சன் பெயர் போட்ட தட்டுக்கும் வித்தியாசமே இல்லை என்றாகிவிடும். இரண்டையும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

ஒரிஜினல் மட்டும்

இந்த வழியின் பலம் தட்டில் இல்லை, அது டிஜேயைச் செய்ய வைக்கும் வேலையில் இருக்கிறது. கையில் இருக்கும் பணத்துக்குள், தனக்குக் கிடைத்த ஒரிஜினல்களை மட்டுமே போட வேண்டும் என்ற கட்டாயம் இருந்தால், அவர் எல்லோரும் போடும் முப்பது பாட்டுகளைச் சுற்றியே வர முடியாது. பத்து பவுண்டுக்குக் கிடைக்கும், யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு தட்டைக் கேட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். நல்ல ஒரிஜினல் இரவுகளில் முன்பின் கேட்டிராத பாட்டுகள் ஒலிப்பது அதனால்தான். திருட்டுத் தட்டுக்கு யாரும் அந்தத் தேடலைச் செய்ய மாட்டார்கள். ஏற்கெனவே ஹிட்டான பாட்டைத்தான் திருடன் அச்சடிப்பான்.

ஒலி எப்போதும் ஒரிஜினலில்தான் சிறப்பு என்ற பேச்சை அப்படியே நம்ப வேண்டாம். 1960களின் அமெரிக்க 45கள் கணிசமானவை வினைலில் அச்சாகவே இல்லை. ஸ்டைரீன் என்ற விறைப்பான பிளாஸ்டிக்கில் ஊற்றப்பட்டவை. ஸ்டைரீன் புதிதாக இருக்கும்போது அருமையாகப் பாடும். ஆனால் பொருந்தாத ஊசியும், டிஜே தொடக்கத்தைப் பிடிக்க முன்னும் பின்னும் சுழற்றுவதும் அதைச் சீக்கிரம் தேய்த்துவிடும். ஐம்பது வருடம் கிளப்புகளில் ஓடிய ஒரு ஸ்டைரீன் ஒரிஜினல், பெரிய ஒலிபெருக்கியில் சரசரவென்று இரையும். மூல டேப்பிலிருந்து எடுத்த மறுபதிப்பு பக்கத்தில் இருந்தால், கண்ணைக் கட்டிக்கொண்டு கேட்கிறவர் மறுபதிப்பையே தேர்ந்தெடுப்பார்.

இன்னொரு சங்கடமும் உண்டு. ஒரிஜினல் என்பது எது? அமெரிக்காவின் முதல் அச்சா? அதே ஆண்டில் லண்டனில் வெளியான பிரிட்டிஷ் பதிப்பும் சேருமா? வானொலிக்கு அனுப்பிய வெள்ளை லேபிள் முன்னோட்டம்? மூன்று வருடம் கழித்து அதே நிறுவனம் அடித்த இரண்டாம் அச்சு? 1960களில் பதிவாகி அப்போது வெளியாகாமலே கிடந்த பாட்டுக்கு எது ஒரிஜினல்? கடைசிக் கேள்விக்குப் பதில் தெளிவு: அதை முதலில் வெளியிட்ட பிற்கால லேபிள்தான். மற்றவற்றுக்கு ஒவ்வொரு இரவும் ஒவ்வொரு பதில் வைத்திருக்கிறது. அதில் தவறில்லை. பதிலை முன்கூட்டியே வெளியே சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

பணம் என்று வரும்போது, ஒரிஜினல் ஆதரவாளர்கள் நேராகப் பார்க்கத் தயங்கும் விஷயம் ஒன்று இருக்கிறது. ஐந்நூறு பவுண்டு கொடுத்து ஒரு பழைய தட்டு வாங்கினால் அந்த ஐந்நூறும் விற்றவருக்குப் போகும். பாடியவருக்குப் போவது பூஜ்யம். அந்த வகையில் ஒரிஜினலும் திருட்டுத் தட்டும் ஒன்றுதான். ஒரு வேறுபாடு உண்டு: அந்தத் தட்டு முதலில் அச்சானபோது சட்டப்படி, உரியவர்களின் ஒப்புதலோடு அச்சானது. இப்போது கைமாறுவதால் புதிதாக யார் உரிமையும் பறிபோவதில்லை. திருட்டுத் தட்டின் ஒவ்வொரு புதிய பிரதியும் ஒரு புதிய பறிப்பு.

உரிமம் பெற்ற மறுபதிப்பு

பாடகருக்குப் பணம் போக வாய்ப்புள்ள ஒரே தட்டு இதுதான் என்பதே எனக்குப் போதுமான காரணம். வாய்ப்பு என்று சொல்வதற்கும் காரணம் உண்டு: 1960களின் சின்ன லேபிள் ஒப்பந்தங்கள் பல, பாடியவர்களுக்கு மிகக் குறைவாகவோ ஒன்றுமில்லாமலோ எழுதப்பட்டவை. ஆனாலும் உரிமம் வாங்கும் நிறுவனம் உரிமையாளரைத் தேடிப் போக வேண்டும், பாட்டெழுதியவருக்குரியதைக் கட்ட வேண்டும், பெயரைச் சரியாகப் போட வேண்டும். தேடல் சில சமயம் பாடகர் வீட்டுக் கதவையே தட்டிவிடுகிறது. தான் பாடியதையே மறந்துபோன ஒருவர், கடல் தாண்டி ஓர் ஊரில் தன் பாட்டுக்கு இன்னும் ஆடுகிறார்கள் என்று அறுபது, எழுபது வயதில் தெரிந்துகொண்டு, இங்கே வந்து மேடையேறிய நிகழ்வுகள் இந்த வட்டாரத்தில் பல. திருட்டுத் தட்டு யாரையும் தேடிப் போனதில்லை. தேடிப் போகாமல் இருப்பதில்தான் அதன் லாபமே இருக்கிறது.

இதற்கு நல்ல வரலாறும் உண்டு. நியூ ஆர்லியன்ஸ் பாடகி டாமி லின் 1965இல் பதிவுசெய்து எடுபடாமல்போன ஒரு பாட்டு, வடக்கு கிளப்புகளின் கோரிக்கையால் 1971இல் மோஜோ லேபிளில் முறைப்படி வெளியாகி, பிரிட்டிஷ் தரவரிசையில் 4ஆம் இடம் வரை போனது. அதே ஆண்டு, 1964இல் வெளிவந்த டாம்ஸ் குழுவின் பாட்டு ஒன்று 1ஆம் இடத்தையே பிடித்தது. 1974இல் பை நிறுவனம் டிஸ்கோ டிமாண்ட் என்ற லேபிளை இந்த ஆட்டக்காரர்களுக்காகவே தொடங்கியது. 1982இல் ஏஸ் ரெக்கார்ட்ஸ் கென்ட் லேபிளை ஏடி குரோஸ்டெல் தொகுத்த ஒரு நெடுந்தட்டோடு தொடங்கி, இன்றுவரை தொடர்கிறது. லண்டன் ஆக்ஸ்ஃபோர்ட் தெருவின் 100 கிளப்பில் குரோஸ்டெல் நடத்தும் இரவுகளின் ஆண்டுவிழாக்களில், வந்தவர்களுக்குத் தரும் 45களில் பல அதுவரை வெளியாகாத பதிவுகள். டேப் பெட்டிகளைத் திறந்து தேடியவர்கள் இல்லையென்றால், அந்தப் பாட்டுகள் நமக்குக் கேட்டே இருக்காது.

குறைகளும் இருக்கின்றன. சில மறுபதிப்புகள் அசல் மோனோ கலவைக்குப் பதில் ஸ்டீரியோ கலவையைப் போட்டுவிடுகின்றன; ஆடுகிறவர்களின் காலுக்கு அது உடனே தெரியும். முரசின் அடி பழையபடி நெஞ்சில் இறங்காது. இன்னொன்று, மறுபதிப்புகளை மட்டும் வாங்கும் டிஜே ஒரே மாதிரியான பட்டியலுக்குள் சிக்கிக்கொள்ளும் ஆபத்து. லேபிள்கள் எதை வெளியிடுகின்றனவோ அதுவே அவருடைய ரசனையாகிவிடும். இதற்கு மருந்து, மறுபதிப்போடு விலை குறைந்த ஒரிஜினல்களையும் தேடுவதுதான்.

திருட்டுத் தட்டின் தரப்பில் சொல்லப்படுவது

பூட்லெக்குக்கு ஆதரவாகச் சொல்லப்படுவதில் உண்மையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். 1970களில் லங்காஷர் ஆலையில் வேலை பார்த்த பதினெட்டு வயதுப் பையனுக்கு இந்தப் பாட்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தது பெரும்பாலும் திருட்டுத் தட்டுதான். பெரிய நிறுவனங்கள் தங்கள் கிடங்கில் என்ன கிடக்கிறது என்றே அறியாமல் இருந்த காலம் அது. திருட்டுத் தட்டு விற்ற எண்ணிக்கையைப் பார்த்துத்தான் சில நிறுவனங்களே விழித்துக்கொண்டன.

அந்தக் காரணம் இன்றைக்குச் செல்லாது. தேவைப்படும் பாட்டுகளில் பெரும்பகுதி இன்று முறையான வடிவில் கிடைக்கிறது. தட்டில் இல்லாவிட்டால் சிடி தொகுப்பிலோ இணையக் கடையிலோ இருக்கும். இன்றைய திருட்டுத் தட்டு யாருடைய வறுமையையும் தீர்க்க அச்சாவதில்லை. ஆயிரம் பவுண்டு ஒரிஜினலின் லேபிளை அச்சு அசலாகப் பிரதியெடுத்துப் பதினைந்து பவுண்டுக்கு விற்பது, வாங்குகிறவர் அதை மேடையில் ஒரிஜினல்போலக் காட்டிக்கொள்ள வசதியாக. ‘ரெப்ரோ’ என்று மெல்லிய பெயர் வைத்தாலும் அது பூட்லெக்தான்.

சட்டம் இங்கே ஓரளவு தெளிவாகவே இருக்கிறது, ஒரு சின்ன ஓட்டையைத் தவிர. பிரிட்டனில் ஒலிப்பதிவு உரிமை 2013 நவம்பரில் ஐம்பது ஆண்டிலிருந்து எழுபதாக நீண்டது. ஆனால் அதற்குள் காலாவதியாகிவிட்டவற்றுக்கு உயிர் திரும்பவில்லை. எனவே 1962 முடிய வெளியான பதிவுகளை இங்கே யாரும் மறுபதிப்புச் செய்யலாம், பாட்டெழுதியவரின் பங்கைக் கட்டினால் போதும். சோலுக்கு முந்தைய ரிதம் அண்ட் ப்ளூஸ் இசையின் பிரியர்களுக்கான பல மலிவான 45கள் இந்த வாசல் வழியாக வருகின்றன. அவற்றைத் திருட்டுத் தட்டு என்று சொல்வது நியாயமில்லை. நார்தர்ன் சோலின் பொற்காலமான 1964 முதல் 1968 வரையிலான பதிவுகளோ இந்த எல்லைக்கு வெளியே நிற்கின்றன. அமெரிக்காவில் 1972 பிப்ரவரி 15க்கு முந்தைய பதிவுகளுக்கு நெடுங்காலம் மத்தியச் சட்டத்தின் பாதுகாப்பு இல்லாமல் மாநிலச் சட்டங்களே இருந்தன. 1970களில் பிரதியெடுத்தவர்கள் அந்தக் குழப்பத்தை நன்றாகவே பயன்படுத்திக்கொண்டார்கள். 2018இன் இசை நவீனமயச் சட்டம் அதை மூடியது. 1960களின் பதிவுகளுக்கு அங்கே 2067 பிப்ரவரி வரை பாதுகாப்பு உண்டு.

ஒரு வாதத்துக்கு மட்டும் தனியாகப் பதில் சொல்ல வேண்டும். ‘அரங்குதான் உரிமத் தொகை கட்டுகிறதே, எந்தத் தட்டைப் போட்டால் என்ன?’ என்பார்கள். 2018 முதல், பாட்டெழுதியவர்களுக்காக வசூலிக்கும் பிஆர்எஸ், பாடியவர்களுக்கும் பதிவு உரிமையாளர்களுக்கும் வசூலிக்கும் பிபிஎல் இரண்டுக்குமான தொகையை அரங்குகள் ஒரே உரிமமாகக் கட்டுகின்றன என்பது சரி. ஆனால் அது பொது இடத்தில் பாட்டு ஒலிப்பதற்கான கட்டணம். தட்டை அச்சடிப்பது வேறு உரிமை. டிக்கெட் எடுத்துப் பேருந்தில் ஏறியவருக்குப் பக்கத்து இருக்கைக்காரரின் பையை எடுக்கும் உரிமை வந்துவிடாது. அதோடு, டிஜே ஒவ்வொரு முறை மேடையில் திருட்டுத் தட்டைச் சுழற்றும்போதும், கீழே நிற்கும் நாலு பேருக்கு அதை வாங்கும் ஆசை வருகிறது. அச்சடிப்பவருக்கு அதைவிட நல்ல விளம்பரம் கிடையாது.

கோப்பு, ஒற்றைத் தட்டு

நான்காவது வழியை நீட்ட வேண்டியதில்லை. முறையாக வாங்கிய கோப்பு, திருட்டுத் தட்டைவிட நேர்மையானது. அதைச் சொல்ல வினைல் பிரியர்களுக்கு வாய் வராது, ஆனால் உண்மை அதுதான். ஆடுகிறவர்கள் மட்டும் அதை ஏற்பதில்லை. தட்டு சுழல்வதைப் பார்க்கவும் வருகிறார்கள். திருமண வரவேற்புக்கும் நிதி திரட்டும் சிறு நிகழ்ச்சிக்கும் கோப்பு போதும். சோல் இரவு என்று பெயர் வைத்தால் கோப்பு போதாது.

கோப்பிலிருந்து ஒரே ஒரு பிரதியாக வெட்டித் தரும் தட்டுகள் இப்போது எளிதாகக் கிடைக்கின்றன. 1970களில் எமிடிஸ்க் என்ற அசிடேட் தட்டுகளில் டிஜேக்கள் செய்துகொண்டதும் இதையேதான். சில இரவுகள் ஓடியதும் அவை தேய்ந்துவிடும். பழைய எமிடிஸ்க்குகளுக்கு வரலாற்று மதிப்பு உண்டு. இன்று வெட்டிக்கொள்வது, கோப்பை வினைல் வேடத்தில் காட்டுவது மட்டுமே.

எப்படிக் கண்டுபிடிப்பது

விதி போட்டால் அதைச் சரிபார்க்கவும் தெரிய வேண்டும். லேபிளை முதலில் பார்க்காதீர்கள், அதைத்தான் நன்றாகப் பிரதியெடுத்திருப்பார்கள். தட்டைச் சாய்த்து, பாட்டு முடிந்த பின் லேபிள்வரை உள்ள வழுவழுப்பான வளையத்தை வெளிச்சத்தில் பாருங்கள். லாஸ் ஏஞ்சலஸின் மோனார்க் ஆலையில் அச்சானது என்றால் சிறு முக்கோணக் குறியும் அதையடுத்து ஓர் எண்ணும் இருக்கும். அச்சுக்கான மூலத்தை நியூயார்க்கின் பெல் சவுண்ட் ஒலிக்கூடத்தில் வெட்டியது என்றால் அந்தப் பெயரே முத்திரையாகப் பதிந்திருக்கும். ஒரிஜினலில் முத்திரை குத்தியிருக்க வேண்டிய இடத்தில் கையால் கிறுக்கிய எண் மட்டும் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

அடுத்தது பொருள். ஸ்டைரீன் தட்டு விறைப்பாக, இலேசாக இருக்கும். தட்டினால் கணீரென்று ஓசை வரும். காகித லேபிள் மேலே ஒட்டப்பட்டிருக்கும். ஸ்டைரீனில் மட்டுமே அச்சான ஒரு பாட்டு கனமான வினைலில் வந்து நின்றால் கதை முடிந்தது. ஆனால் ஒரே தட்டு கிழக்குக் கரை ஆலையில் வினைலிலும் மேற்குக் கரையில் ஸ்டைரீனிலும் அச்சானதும் உண்டு. அதனால் பொருளை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். கடைசியாகக் காது: ஊசி இறங்கியதும் பாட்டுக்கு முன்பே இன்னொரு தட்டின் சரசரப்பு அடியில் கேட்டால், அது தட்டிலிருந்து தட்டுக்கு எடுத்த நகல்.

யாருக்கு எது

இருபது வருடமாகச் சேகரிக்கும் நான்கைந்து டிஜேக்கள் ஒரு குழுவாக இருக்கிறீர்கள், எல்லோர் பெட்டியும் தாங்கும் என்றால், ‘ஒரிஜினல் மட்டும்’ என்றே போடுங்கள். அந்த இரவுகள் இந்த இசைக்குத் தேவை. ஆனால் போட்ட வாசகத்துக்கு ஒரு தட்டுகூட விலக்கு இருக்கக் கூடாது. அறுபது மைல் காரோட்டி வந்தவர் அந்த வாசகத்தை நம்பித்தான் வாசலில் பணம் கொடுத்தார். அவர் முன்னால் ஒரு திருட்டுத் தட்டைச் சுழற்றுவதும், அதையே ஒரிஜினல் என்று சொல்லி ஏலத்தில் விற்பதும் எனக்கு ஒரே மாதிரியான செயல்கள்தான். லேபிளை மறைக்கும் பழைய வழக்கத்தை நான் இதோடு சேர்க்கவில்லை. புதிதாகக் கண்டெடுத்த ஒரிஜினலைச் சில மாதம் மறைத்து வைப்பது தேடியவருக்குக் கிடைக்கும் சின்னச் சலுகை; அதை எல்லோரும் அறிந்தே ஏற்கிறார்கள். திருட்டுத் தட்டின் லேபிளை ஒரிஜினல்போல் நினைக்கட்டும் என்று மறைப்பது மோசடி.

ஊர் அரங்கில் மாதம் ஒரு முறை நடத்தப் போகிறவர்கள், இருபது வயதுக்காரர்களையும் தட்டு சுழற்றும் டெக் பக்கம் கொண்டுவர நினைப்பவர்கள், ‘ஒரிஜினலும் உரிமம் பெற்ற மறுபதிப்பும், பூட்லெக் இல்லை’ என்று போடுங்கள். நீளமான வாசகம்தான், ஆனால் எல்லாம் அதில் இருக்கிறது. எவ்வளவு பணம் இருக்கிறது என்பதை விட்டுவிட்டு, என்ன பாட்டைத் தேர்ந்தெடுத்தார் என்பதைப் பார்க்க அது வழிசெய்கிறது. மறுபதிப்பைப் போடும்போது, ‘இது கென்ட் மறுபதிப்பு’ என்று ஒலிவாங்கியில் ஒரு வார்த்தை சொன்னால், கேட்டவர் அதைப் போய் வாங்கவும் முடியும்.

விருந்தினர் டிஜேயை அழைக்கும்போதே இந்த விதியை எழுத்தில் அனுப்பிவிடுங்கள். மேடையில் வைத்து அவர் பெட்டியைச் சோதிப்பது இரு தரப்புக்கும் அவமானம். சந்தேகமான தட்டு இருந்தால் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். பல வருடம் முன்பு வாங்கியதை ஒரிஜினல் என்றே நம்பிக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர்.

உங்கள் அலமாரியில் ஏற்கெனவே திருட்டுத் தட்டுகள் இருக்கலாம், நீண்டகாலம் சேகரிப்பவர் எல்லோரிடமும் சில இருக்கும். வீட்டில் கேளுங்கள். விற்பதாக இருந்தால் உறையின்மேல் பெரிதாக ‘பூட்லெக்’ என்று எழுதி, அதற்குரிய விலைக்கு மட்டும் கொடுங்கள். உறை தொலைந்துபோகும் என்பதால் லேபிளின் ஓரத்திலும் பேனாவால் எழுதிவிடுங்கள்.